கடலூர் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் கிராஸ் கன்ட்ரி அணியை ஒரு சீசனுக்கு எப்படித் தயார் செய்வது?

கேள்வியின் சுருக்கம் இது: கல்லூரியில் எட்டுப் பையன்கள் ஓட வருகிறார்கள். ஒருவர் 10 கி.மீ.யை 34 நிமிடத்தில் முடிக்கிறார், மற்றவர்கள் 38, 40, 41. போன வருடம் இன்டர் காலேஜில் அவர் முதலாவதாக வந்தும் அணிக்குக் கோப்பை இல்லை. இந்த வருடம் எதை மாற்றுவது?

உங்கள் நான்காவது ஆளைக் கவனியுங்கள். கிராஸ் கன்ட்ரியில் கோப்பை அவர் காலில்தான் இருக்கிறது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். டிராக்கில் இல்லாமல் திறந்தவெளிப் பாதையில் அணியாக ஓடும் இந்த நெடுந்தூர ஓட்டத்தில் ஓடி முடித்த இடம்தான் புள்ளி. அணியின் முதல் நான்கு பேர் வந்த இடங்களைக் கூட்டுவார்கள், குறைந்த கூட்டுத்தொகை வந்த அணி ஜெயிக்கும். உங்கள் பையன்கள் 1, 14, 19, 31 என்று வந்தால் 65. எதிரணி 7, 9, 11, 13 என்று வந்தால் 40. மேடையில் முதல் மூன்று இடத்தில் அவர்கள் ஆள் ஒருவர்கூட இல்லை, ஆனால் கோப்பை அவர்களுக்கு. உங்கள் முதல் ஆள் இன்னும் ஒரு நிமிடம் வேகமாக ஓடினாலும் அவருடைய எண் 1தான், அதற்குக் கீழே போக வழியில்லை. நான்காவது ஆளோ நெரிசல் உள்ள நடுக்கூட்டத்தில் ஓடுகிறார். அங்கே அரை நிமிடத்துக்குள் பத்துப் பேர் வந்து சேர்வார்கள். அவர் 30 வினாடி குறைத்தால் 31 என்பது 21 ஆகிவிடும். இரண்டு அணிக்கும் ஒரே கூட்டுத்தொகை வந்தால், உலகத் தடகள விதிப்படி, புள்ளிக்குக் கணக்காகும் கடைசி ஆள் எந்த அணியில் முன்னால் வந்தாரோ அந்த அணிக்குத்தான் மேலிடம். அங்கேயும் அதே நான்காவது ஆள்தான்.

எத்தனை பேர் ஓடலாம், எத்தனை பேர் கணக்கு என்பது போட்டிக்குப் போட்டி மாறும். உலகக் கிராஸ் கன்ட்ரியில் ஆறு பேர் ஓடி நான்கு பேர் கணக்கு. அமெரிக்கக் கல்லூரிகளில் ஏழு பேர் ஓடி ஐந்து பேர் கணக்கு. அங்கே ஆறாவது, ஏழாவது ஆளுக்குப் புள்ளி இல்லாவிட்டாலும், எதிரணியின் ஐந்தாவது ஆளை முந்திவிட்டால் அவர்களுடைய எண் கூடிவிடும். உங்கள் பல்கலைக்கழகச் சுற்றறிக்கை வந்ததும் முதலில் பார்க்க வேண்டிய வரி இதுதான். கூடவே பெண்களுக்கான தூரத்தையும் பாருங்கள். உலகப் போட்டியில் 2017லிருந்து பெண்களுக்கும் ஆண்களைப் போலவே 10 கி.மீ.; கீழ்மட்டப் போட்டிகளில் தூரம் வேறாக இருக்கலாம்.

காகித வேலையை ஜூன் மாதமே முடித்துவிடுங்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட் நகல், போனஃபைடு, போட்டோ எல்லாம் ஆளுக்கொரு ஃபைலில் இருக்கட்டும். ஓ.டி. (ஆன் டியூட்டி, அதாவது போட்டிக்குப் போன நாளுக்கான வருகைப் பதிவு) யாருக்குப் போட வேண்டும், இன்டர்னல் தேர்வு எந்த வாரம் என்பதைத் துறைத் தலைவரிடம் முன்கூட்டியே பேசி வைத்தால் பையன் மனநிம்மதியோடு ஓடுவான். எலிஜிபிலிட்டி (போட்டியில் ஓடும் தகுதி) படிவத்தில் ஒரு கையெழுத்து இல்லாமல் நான்காவது ஆள் வெளியே நின்றால் அணியே வெளியே நின்ற மாதிரிதான்.

எட்டுப் பேர் போதாது. காயம், அரியர், ஊர்த் திருவிழா என்று இரண்டு மூன்று பேர் எப்படியும் குறைவார்கள். கல்லூரி திறந்த முதல் வாரத்தில் 400 மீட்டர் டிராக்கில் ஏழரைச் சுற்று, அதாவது 3 கி.மீ. டிரயல் வையுங்கள். ஃபுட்பால், ஹாக்கி ஆடும் பையன்களையும் கூப்பிடுங்கள். 12 நிமிடத்துக்குள் முடிக்கிற எவரையும் விட வேண்டாம். பன்னிரண்டு பேரோடு தொடங்கினால்தான் போட்டியன்று ஆறு பேர் முழுசாக நிற்பார்கள்.

இனி மைதானம். நம் பகுதி தட்டையான கரையோரம். மேட்டில் ஓடிப் பழகாத அணி, மேடு உள்ள பாதையில் ஐந்தாவது கிலோமீட்டரிலேயே சிதறிவிடும். கடலூரில் இருப்பவர்களுக்கு அதற்குக் கேப்பர் மலைதான் கதி. செம்மண் மேடு, ஒரே சீரான ஏற்றம், முழங்காலுக்குத் தார் அளவுக்கு அடி இல்லை. புதுச்சேரிக்காரர்களுக்கு ஆரோவில் பக்கத்துச் செம்மண் பாதைகள் உண்டு. நீண்ட ஓட்டத்துக்கு ஊசுடு ஏரிக்கரை, பாகூர் ஏரிக்கரை. புதுச்சேரி கடற்கரைச் சாலை காலை ஏழரை வரை வண்டி இல்லாமல் இருக்கும், ஆனால் நீளம் ஒன்றரைக் கிலோமீட்டர்தான், தரையும் கடினம். மெதுவான ஓட்டத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் தினமும் ஓட விடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. மணலில் ஓடினால் கால் இரும்பாகும் என்பார்கள். உதிரி மணலில் குதிகால் ஒவ்வொரு அடிக்கும் கீழே இறங்கும், குதிகால் தசைநாண் இழுபடும். வாரம் ஒருமுறை, 15 நிமிடம், அதுவும் வார்ம்-அப் செய்த பிறகு என்றால் சரி. ஈர மணல் கெட்டியாக இருக்கிறதே என்று அங்கே போனால் வேறு சிக்கல்: தரை கடலைப் பார்த்துச் சரிந்திருக்கும். ஒரே திசையில் 6 கி.மீ. ஓடினால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில், இடுப்பு ஒருபக்கமாகச் சாயும், முழங்காலின் வெளிப்பக்கம் பிடிக்கும். போன தூரத்துக்குச் சரியாகத் திரும்பி வர வேண்டும்.

வாரத் திட்டம், செப்டம்பர் மாதத்து நடுவில் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறேன். ஜூன், ஜூலையில் இதில் பாதித் தூரம், வேக ஓட்டம் இல்லை. வாரத்துக்கு வாரம் பத்து சதவிகிதம் போல ஏற்றுங்கள், நான்கு வாரத்துக்கு ஒருமுறை குறையுங்கள். செப்டம்பரில் திங்கள் 8 கி.மீ. மெதுவாக. செவ்வாய் 1000 மீட்டர் ஆறு முறை போட்டி வேகத்தில், நடுவில் இரண்டு நிமிடம் மெல்லோட்டம். புதன் 9 கி.மீ. மெதுவாக. வியாழன் மேடு: 60 வினாடி ஏற்றம் எட்டிலிருந்து பத்து முறை, இறங்கும்போது நடை கலந்த மெல்லோட்டம். வெள்ளி ஓய்வு. சனி 6 கி.மீ., கடைசியில் 100 மீட்டர் ஆறு முறை, தளர்வாக ஆனால் வேகமாக. ஞாயிறு 14 முதல் 16 கி.மீ. வார்ம்-அப்பையும் சேர்த்தால் 55, 60 கி.மீ. வரும். மெதுவான நாள் என்றால் பக்கத்தில் ஓடுகிறவனோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். பெரும்பாலான அணிகள் கெடுவது இந்த இடத்தில்தான். மெதுவான நாளிலும் முதல் ஆளைத் துரத்தி ஓடி, செவ்வாய்க்கிழமை எல்லாருக்கும் கால் கட்டை போலாகிவிடும்.

அதனால் செவ்வாய்க்கிழமை அணியை இரண்டாகப் பிரியுங்கள். 34 நிமிட ஆள் தனியாகவோ, 1500 மீட்டர் ஓடும் ஒருவரோடோ ஓடட்டும். மற்ற ஐந்து பேரும் ஒரே கூட்டமாக ஓட வேண்டும். 40 நிமிடப் பையனின் போட்டி வேகம் கிலோமீட்டருக்கு 4 நிமிடம். 38 நிமிடப் பையனுக்கு 3:48. முதல் மூன்று வாரம் எல்லாரும் 3:55இல் சேர்ந்து ஓடட்டும், பிறகு 3:50, பிறகு 3:45. விசில் அடித்ததும் வாட்சைப் பார்ப்பதைவிட ஒன்று செய்யுங்கள்: இந்தக் கூட்டத்தின் கடைசி ஆள் வந்து நின்றபோது அதன் முதல் ஆள் எத்தனை வினாடிக்கு முன் வந்தார் என்று எழுதுங்கள். ஆகஸ்டில் 25 வினாடியாக இருந்த இடைவெளி செப்டம்பரில் 8 வினாடிக்கு வந்தால் அணி உருவாகிவிட்டது.

மழையை முன்வைத்துத் திட்டமிட வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும், நவம்பரில் செமஸ்டர் தேர்வும் வரும். பல்கலைக்கழக அணிக்குத் தேர்வான பையன்களுக்கு முக்கியமான பயிற்சிக் காலம் சரியாக அதே நேரம். புயல் நம் கரைக்குப் புதிதா? தானே 2011 டிசம்பர் 30 அன்று, ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 அன்று. ஒரு புயல் வந்துபோனால் ஒரு வாரம், பத்து நாள் மைதானம் கிடைக்காது. அந்த நாட்களில் கல்லூரி மாடிப்படியில் ஏற்றம் 10 முறை, ஸ்கிப்பிங் 3 நிமிடம் ஐந்து சுற்று, வயிறு இடுப்புப் பயிற்சி என்று வைத்துக்கொண்டால் போதும். ஒரு வாரத்தில் மூச்சு போய்விடாது. விட்டதைப் பிடிக்கிறேன் என்று அடுத்த வாரம் இரட்டிப்பாக ஓடுவதுதான் காலை உடைக்கும்.

கெடிலம், பெண்ணையாற்று வெள்ளம் வடிந்த தண்ணீரில் கால் வைத்து ஓட வேண்டாம். காலில் சிராய்ப்பு இருந்தால் எலிக்காய்ச்சல் கிருமி அதன் வழியாக நுழைந்துவிடலாம். தண்ணீரில் இறங்கிய இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், ஓடிய வலி என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் வெள்ளத்தில் இறங்கியதைச் சொல்ல வேண்டும். நனைந்த ஷூவை வெயிலில் காய வைத்தால் பசை விட்டுப்போகும். இன்சோலை வெளியே எடுத்துவிட்டு, செய்தித்தாளைக் கசக்கி நுனிவரை திணியுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்றி, ஃபேன் அடியில் வையுங்கள். காலைக்குள் உலர்ந்துவிடும். விரலிடுக்கில் ஈரம் நின்றால் சேற்றுப்புண் வரும், துடைத்துப் பவுடர் போடச் சொல்லுங்கள்.

வலியில் எதற்குப் பயப்பட வேண்டும் என்பது பையன்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முன்னங்கால் எலும்பின் உட்பக்க ஓரமாக ஒரு சாண் நீளத்துக்கு வலி பரவியிருந்தால் அது ஷின் வலி. தூரத்தைப் பாதியாக்கி, தார் ரோட்டை விட்டு, ஷூவைப் பாருங்கள். ஒரு ஜோடி 500இலிருந்து 800 கி.மீ. வரைதான் தாங்கும், இந்தத் தூரத்துக்கு மூன்று மாதம்தான். அதுவே, ஒரு விரலை வைத்தால் அந்த ஒரே புள்ளியில் சுரீரென்று வலித்தால், ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தால், அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரிடம் போக வேண்டும். எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். முதல் வார எக்ஸ்ரேயில் பெரும்பாலும் அது தெரியாது, அதனால் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று மறுபடி ஓட விடக் கூடாது.

பெண்கள் அணி இருந்தால் ஜூலையில் எல்லாருக்கும் ஹீமோகுளோபின் பாருங்கள், பையன்களுக்கும்தான். பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13க்குக் கீழே என்றால் ரத்தசோகை. எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் நேரம் குறையாது, பயிற்சியாளர் சோம்பேறி என்று திட்டிக்கொண்டிருப்பார். மாத்திரை டாக்டர் சொன்னபடி. சாப்பாட்டில் முருங்கைக்கீரை, கேழ்வரகு, சுண்டல், மத்தி, ஈரல். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் ஒட்டாது, ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும். மூன்று மாதம் மாதவிடாய் நின்றிருந்தால் சாப்பாடு போதவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். அதைக் கூச்சமில்லாமல் சொல்ல ஓர் ஆசிரியை அணியோடு இருக்க வேண்டும்.

வியர்வைக்கு: ஞாயிறு ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒன்றரை லிட்டர் மெல்ல மெல்லக் குடிக்க வேண்டும். உப்புப் போட்ட மோர் நல்லது. இல்லாவிட்டால் ஒரு லிட்டர் நீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலைதட்டிய அளவில்.

போட்டிக்கு முந்தைய வாரம் தூரம் பாதி. நான்கு நாள் முன்பு 1000 மீட்டர் மூன்று முறை, அவ்வளவுதான். முந்தின நாள் சாயங்காலம் ஆறு பேரும் பாதையை நடந்து பார்க்க வேண்டும். பாதை எங்கே குறுகுகிறது, எங்கே மண், எங்கே தார் என்பதைக் கண்ணால் பார்க்கட்டும். தார் கலந்த பாதைக்கு ஸ்பைக்ஸ் (அடியில் ஆணி வைத்த ஷூ) வேண்டாம், சாதாரண ஷூ போதும். காய்ந்த செம்மண்ணுக்கு 6 மி.மீ. ஆணி, மழை பெய்து சொதசொதப்பாக இருந்தால் 9 அல்லது 12. ஆணி திருகும் சாவி பையில் இருக்கட்டும். ஓட்டம் காலை ஆறரைக்கு என்றால் நாலு மணிக்கு இரண்டு வாழைப்பழமும் இரண்டு துண்டு ரொட்டியும் போதும்.

கிளம்பும் இடத்தில் ஓர் அணிக்கு ஒரு கட்டம்தான், ஒருவர் பின் ஒருவராக நிற்பார்கள். முன்னால் 34 நிமிட ஆள், மற்றவர்கள் பின்னால். பாதை 300 மீட்டரில் குறுகினால் அதுவரை கொஞ்சம் விரட்ட வேண்டும், இல்லாவிட்டால் நடையாகிவிடும். அதற்குப் பிறகு அடங்க வேண்டும். 4 நிமிட வேகப் பையன் முதல் கிலோமீட்டரை 3:30இல் போனால், ஏழாவதில் 4:25 ஆகிவிடும். 3:50க்கு மேல் வேகம் வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். நடுக்கூட்டம் ஐந்து பேரும் 6 கி.மீ. வரை சேர்ந்தே போகட்டும். நீங்கள் 7 கி.மீ. அருகே நின்று நேரத்தைக் கத்த வேண்டாம், அப்போது அது காதில் ஏறாது. "முன்னாடி நாலு சிவப்பு பனியன், பிடி" என்று கத்துங்கள். நான்காவது, ஐந்தாவது ஆள் வரும்வரை அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். முதல் ஆளைப் பார்க்க எல்லாரும் முடிவுக்கோட்டுக்கு ஓடிவிடுவார்கள்.

கோட்டைத் தாண்டியதும் கயிறு கட்டிய சந்துக்குள் வந்த வரிசையிலேயே நடந்துபோக வேண்டும். உட்கார்ந்துவிட்டால் பின்னால் வந்தவர் முன்னால் போய்விடுவார், இடம் மாறிவிடும். கையில் டோக்கன் கொடுத்தால் அதைத் தொலைக்காமல் உங்களிடம் கொடுக்கச் சொல்லுங்கள். அன்று மாலையே இரண்டாவது ஆளுக்கும் ஐந்தாவது ஆளுக்கும் இடையே எத்தனை வினாடி, அதற்குள் எதிரணி பனியன்கள் எத்தனை என்று எழுதி வையுங்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை ஓட்டத்தின் வேகத்தை அந்த எண்ணை வைத்துத்தான் போட வேண்டும்.