வரவேற்பறையை ஒட்டி, வைன் போத்தல்களைக் குளிரில் வைக்கும் வைன் அறையின் கண்ணாடியில் வெளிப்பக்கம் நீர் வழிகிறது. உள்ளே ஈரப்பதம் நீக்கும் கருவி வைத்தால் நிற்குமா?

நிற்காது. நீர் வழிவது வெளிப்பக்கத்தில். அந்த ஈரம் உங்கள் வரவேற்பறைக் காற்றிலிருந்து வருகிறது. உள்ளே காற்றை உலர்த்தினால் போத்தல்களின் தக்கைதான் காய்ந்து சுருங்கும்; அங்கே 50 முதல் 70 வீத ஈரப்பதம் இருக்கவே வேண்டும்.

கொழும்பில் காற்று 30 பாகை செல்சியஸிலும் ஈரப்பதம் 75 வீதத்திலும் இருக்கும்போது, சுமார் 25 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியும். வைன் அறை 13 பாகையில் இருந்தால் ஒற்றைக் கண்ணாடியின் வெளிமுகம் ஏறத்தாழ 21 பாகைக்கு இறங்கிவிடும். சாதாரண இரட்டைக் கண்ணாடி போட்டாலும் 24 பாகையளவில்தான் நிற்கும். விற்பவர் இதைச் சொல்லமாட்டார். வெப்பத்தைத் தடுக்கும் மெல்லிய பூச்சும் இடையில் ஆர்கன் வாயுவும் உள்ள இரட்டைக் கண்ணாடிதான் இங்கே தாக்குப்பிடிக்கும்.

கண்ணாடியை மாற்ற வசதியில்லையென்றால் வரவேற்பறைக் குளிரூட்டியை ஓடவிடுங்கள். 26 பாகை, 55 வீதம் என்றால் நீர் படியும் எல்லை 16 பாகைக்குப் போய்விடும்; ஒற்றைக் கண்ணாடிகூடத் தப்பும். ஆனால் இரவில் அதை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்தால் விடியும்போது தரையில் மறுபடி குட்டை. மின்கட்டணத்தை நினைத்தால், வைன் அறையை 16 பாகையில் வைப்பது மலிவான வழிதான்; ஆனால் ஒற்றைக் கண்ணாடியில் நீர் படிவது அதனால் குறையுமே தவிர நிற்காது. வைனுக்கு 16 பாகையால் பெரிய கேடில்லை.

அலுமினியச் சட்டத்தையும் கவனியுங்கள். நடுவே வெப்பத்தடை இல்லாத சட்டமென்றால் கண்ணாடி உலர்ந்திருந்தாலும் அது வியர்க்கும். கதவு இறுக்கமாக மூடுகிறதா என்று அறிய, அதன் ரப்பர் விளிம்பில் ஒரு தாளை வைத்துக் கதவை மூடி, தாளை இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்தால் ரப்பரை மாற்றுங்கள்.