கம்ப்ரெஷன் 61 காட்டினால்? சிறுவிமான இன்ஜின் கேள்வி பதில்

கேள்வி: செஸ்னா 172 விமானம், லைகாமிங் ஓ-320 இன்ஜின். மூன்று சிலிண்டர் 76, 75, 77. ஒன்று மட்டும் 61. கழற்றிவிடலாமா சார்?

பதில்: அவசரப்படாதீர்கள். 61 என்பது, சிலிண்டருக்குள் 80 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) காற்றைச் செலுத்தினால் அதில் எவ்வளவு நிற்கிறது என்ற கணக்குதான். எங்கே போகிறது என்பதைக் காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும். எக்ஸாஸ்ட் குழாயில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டர் பக்கம் என்றால் இன்டேக் வால்வு. ஆயில் மூடியைத் திறந்ததும் புஸ்ஸென்று வந்தால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங். ரிங் வழியே கொஞ்சம் கசியத்தான் செய்யும். வால்வு சீறினால் சும்மா விடக்கூடாது. சில சமயம் வால்வு சீட்டில் துளி கார்பன் ஒட்டியிருக்கும். இன்ஜினை ஓட்டிச் சூடாக்கி மறுபடி பாருங்கள். லைகாமிங் கணக்கில் 60-க்குக் கீழே போனால்தான் கழற்றும் பேச்சு. ஆனால் மற்றவற்றோடு 15 வித்தியாசம் இருப்பதால் காரணம் தேடியே ஆகவேண்டும்.

கேள்வி: இந்தச் சோதனையைத் தனியாளாகச் செய்யலாமா?

பதில்: கூடாது. அந்த பிஸ்டன் 5.125 அங்குல விட்டம். 80 பிஎஸ்ஐ ஏறினால் அதன்மேல் 700 கிலோவுக்கு மேல் அழுத்தம். டிடிசியிலிருந்து (பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை) சற்றே நகர்ந்தாலும் ப்ரொப்பெல்லர் சுழன்று அடிக்கும். ஒருவர் அதை உறுதியாகப் பிடித்திருக்க, இன்னொருவர் காற்றை மெதுவாகத் திறக்க வேண்டும். அதற்கு முன் மேக்னெட்டோ (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தருவது) ஆஃப்.

கேள்வி: எங்கள் கண்டினென்டல் இன்ஜினில் 50 வந்தும் பாஸ் போட்டார்கள். லைகாமிங்குக்கு மட்டும் 60-ஆ? ஏமாற்றுகிறார்களா?

பதில்: இல்லை. கண்டினென்டலில் நிலையான எண் கிடையாது. சோதனைக்கு முன் அதே டெஸ்டரில் மாஸ்டர் ஆரிஃபிஸை (துல்லியமான அளவுள்ள துளை) மாட்டிப் பார்ப்பார்கள். அது காட்டுவதுதான் அன்றைய எல்லை. நாற்பதுகளில்கூட வரும். கூடவே போர்ஸ்கோப்பும் (சிலிண்டருக்குள் விட்டுப் பார்க்கும் கேமரா) கட்டாயம்.

கேள்வி (அவரே): அப்போ கேஜ் எதற்கு, போர்ஸ்கோப் போதுமே?

பதில்: இரண்டும் வேண்டும். கருகத் தொடங்கிய வால்வு 70-க்கு மேல் காட்டி நிற்கலாம். நல்ல வால்வின் முகத்தில் நிறங்கள் நடுவிலிருந்து வட்டம் வட்டமாக, சீராக இருக்கும். ஓரத்தில் ஒரு பக்கம் மட்டும் பச்சையோ இளஞ்சிவப்போ படர்ந்திருந்தால் அங்கே சூடு பிடிக்கிறது என்று அர்த்தம். இதை கேஜ் சொல்லாது. ஆனால் ரிங் வழி எவ்வளவு போகிறது என்று கேமரா சொல்லாதே!

கேள்வி: கார் கேஜை மாட்டி ஸ்டார்ட்டரைச் சுற்றினால் போதாதா?

பதில்: அது வேறு சோதனை. மேனுவல் கேட்பது வெளியிலிருந்து காற்றைச் செலுத்திப் பார்க்கும் இதை.

கேள்வி: என் சிலிண்டர் 64, கழற்றவா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஹெல்ப்பர் வரவில்லை, ப்ரொப்பெல்லரைக் கயிற்றால் கட்டிவிட்டால்?

பதில்: ஹெல்ப்பர் வந்தபிறகு செய்யுங்கள்.