டி.எஸ்.எச். நார்மல்தான், ஆனால் களைப்பு ஏன் போகவில்லை?

கேள்வி: எனக்கு 39 வயது. பள்ளி ஆசிரியை. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஹாஷிமோட்டோ தைராய்டு என்று கண்டுபிடித்தார்கள். தினமும் 75 மைக்ரோகிராம் தைராக்ஸின் போடுகிறேன். சென்ற மாதம் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோனின் அளவு) 2.8. "நார்மல், இப்படியே தொடருங்கள்" என்றார் மருத்துவர். ஆனால் மதியத்துக்கு மேல் நிற்கவே முடியவில்லை. முடி கொத்துக் கொத்தாக உதிர்கிறது. பேசிக்கொண்டிருக்கும்போதே சொல் மறந்துபோகிறது. மாதவிடாயில் உதிரப்போக்கு அதிகம் என்பதால் காலையில் தைராய்டு மாத்திரையோடு இரும்புச்சத்து மாத்திரையும், முடிக்காக பயோட்டினும் சேர்த்துப் போடுகிறேன். ஆன்டி டி.பி.ஓ. (தைராய்டுக்கு எதிராக உடலே உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளின் அளவு) 640 இருக்கிறதே, அதைக் குறைக்க வேண்டாமா? மாத்திரையை நிறுத்திவிட்டு உணவிலேயே சரிசெய்துகொள்ளச் சொல்கிறார் என் நாத்தனார்.

பதில்: மாத்திரையை நிறுத்தாதீர்கள். உங்கள் களைப்பையும் மனப்பிரமை என்று யாரும் ஒதுக்க விடாதீர்கள். தைராக்ஸின் எடுத்து டி.எஸ்.எச். சரியான பிறகும் நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு இப்படி உபாதை தொடர்கிறது.

1912இல் ஜப்பானிய அறுவை மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ நான்கு பெண்களின் தைராய்டுத் திசுவில் வெள்ளணுக்கள் குவிந்து கிடப்பதைக் கண்டு எழுதினார். நம் எதிர்ப்பு அணுக்களே சுரப்பியை மெல்ல அழிப்பதுதான் இந்த நோய். சுரப்பியால் தர முடியாத ஹார்மோனை மாத்திரை தருகிறது. அந்த அளவு போதுமா என்பதை மட்டும் டி.எஸ்.எச். சொல்லும். களைப்புக்கு வேறு காரணம் இருக்கிறதா என்று அந்த ஒரு எண்ணால் சொல்ல முடியாது. அதைத் தனியாகத் தேட வேண்டும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் பட்டது இரும்பு மாத்திரை. இரும்பும் தைராக்ஸினும் குடலில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தைராக்ஸின் முழுதாக உடலில் சேராது. கால்சியம் மாத்திரையும் அப்படித்தான். தைராக்ஸினுக்கும் இவற்றுக்கும் நடுவே நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். தைராக்ஸினை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுவிட்டு, காபிக்கும் டிபனுக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் காத்திருங்கள். பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் முடியாதென்றால், இரவு உணவு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாம். அதுவும் நன்றாகவே வேலை செய்கிறது. ஒன்றைக் கவனியுங்கள்: நேரத்தைப் பிரித்ததும் அதே 75 மைக்ரோகிராம் முன்பைவிட அதிகமாக உள்ளே போகலாம். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டி.எஸ்.எச். மறுபடி பாருங்கள். அதற்கு முன் பார்த்தால் எண் இன்னும் நிலைகொண்டிருக்காது.

அந்தப் பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே பயோட்டினை நிறுத்துங்கள். சில ஆய்வகக் கருவிகளில் அது டி.எஸ்.எச்.சை உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். உங்கள் 2.8 எடுத்த காலையிலும் அதைப் போட்டிருந்தால், அந்த எண்ணையே முழுதாக நம்ப முடியாது.

அடுத்தது ஃபெரிட்டின், அதாவது உடலில் சேமிப்பாக உள்ள இரும்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் 12 இருந்தாலும் சேமிப்பில் இரும்பு காலியாகியிருக்கலாம். ஆய்வகத் தாளில் ஃபெரிட்டின் 15 என்பதற்கு எதிரே நார்மல் என்றே அச்சாகியிருக்கும். ஆனால் 30க்குக் கீழே போனாலே இரும்புக் குறை இருப்பதாகத்தான் நான் கொள்வேன். களைப்பு, முடி உதிர்தல், மறதி மூன்றையும் இது ஒன்றே கொண்டுவரும். இரும்பை ஏற்றினாலும் முடி திரும்ப மாதக்கணக்கில் ஆகும், பொறுமை வேண்டும். உதிரப்போக்கு ஏன் அதிகம் என்பதையும் மகப்பேறு மருத்துவரிடம் ஸ்கேன் செய்து பாருங்கள். ஓட்டை அடைபடாத வரை எவ்வளவு ஊற்றினாலும் குடம் நிரம்பாது.

மாத்திரை எடுத்தும் இரும்பு ஏறவில்லை, பி12உம் குறைவு என்று வந்தால் வயிற்றைப் பார்க்க வேண்டும். தைராய்டைத் தாக்கும் அதே எதிர்ப்புக் கோளாறு சிலருக்கு இரைப்பையின் உள்சுவரையும் தாக்கும். அமிலம் குறைந்தால் இரும்பு, பி12, தைராக்ஸின் மூன்றுமே சரியாகச் சேராது. நாள்பட்ட 'கேஸ் மாத்திரை' பழக்கமும் இதையே செய்யும். நீரிழிவுக்கான மெட்ஃபார்மின் பி12ஐக் குறைக்கும். சைவ உணவுக்காரர் என்றால் பி12ஐத் தள்ளிப்போடவே கூடாது. இவற்றோடு வைட்டமின் டி, சர்க்கரை இரண்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இரவில் குறட்டை விடுவதாக வீட்டில் சொல்கிறார்களா? மனச்சோர்வு இருக்கிறதா? இவற்றையும் வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஆன்டி டி.பி.ஓ. நோய் இன்னதென்று உறுதிசெய்ய உதவும். அது தெரிந்துவிட்ட பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளப்பது வீண் செலவு. அந்த எண்ணை வைத்து மருந்தின் அளவை மாற்றுவதில்லை. நார்வேயில் ஒரு சோதனை நடந்தது. அந்த எண் 1000க்கு மேல் இருந்து, மருந்துக்குப் பிறகும் மிகவும் அவதிப்பட்ட 150 பேரில் ஒரு பகுதியினருக்குத் தைராய்டை முழுதாக அகற்றினார்கள். 2019இல் வெளிவந்த முடிவில் அவர்களின் களைப்பு குறைந்திருந்தது. ஆனால் அறுவையால் சிக்கல்களும் வந்தன. இந்த நோயில் எல்லாமே ஹார்மோன் அளவுக்குள் அடங்காது என்பதற்காக இதைச் சொல்கிறேன். உங்களுக்கு அறுவை வேண்டும் என்று சொல்லவில்லை.

நாத்தனாரின் அக்கறை புரிகிறது. ஆனால் அழிந்த சுரப்பியை எந்த உணவும் திரும்பக் கட்டாது. கோதுமையை நிறுத்தும் முன் சீலியாக் (கோதுமைப் புரதம் ஒவ்வாத குடல் நோய்) பரிசோதனை செய்யுங்கள். நிறுத்திய பிறகு செய்தால் பிடிபடாமல் போகலாம். சமைத்த முட்டைக்கோஸ் தாராளமாகச் சாப்பிடலாம். அயோடின் உப்பு தொடரட்டும். கடற்பாசி மாத்திரை வேண்டாம், மிகை அயோடின் இந்தச் சுரப்பிக்கு ஆகாது. அஸ்வகந்தா எடுப்பதாக இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், அது ஹார்மோன் அளவைக் கூட்டலாம்.

இத்தனையும் சரிசெய்த பிறகும் களைப்பு நீடித்தால், நாளமில்லாச் சுரப்பி நிபுணரிடம் மருந்தளவைச் சற்றுக் கூட்டுவது பற்றியும், டி3 (T3 என்னும் இன்னொரு தைராய்டு ஹார்மோன், வைட்டமின் டி3 அல்ல) சேர்த்துப் பார்ப்பது பற்றியும் பேசலாம். டி3ஆல் பலனடைவோர் சிலர் உண்டு. பெரும்பாலான ஆய்வுகளில் அது தனி தைராக்ஸினை வெல்லவில்லை. நீங்களாகவே அளவைக் கூட்டினால் படபடப்பு வரும், எலும்பு தேயும்.

தானாக எடை குறைவது, எழுந்து நின்றால் தலைசுற்றுவது, தோல் கறுப்பது, உப்புக்கு ஏங்குவது எல்லாம் சேர்ந்து வந்தால், தைராக்ஸினைக் கூட்டும் முன் அட்ரினல் சுரப்பி தரும் ஹார்மோனான கார்ட்டிசாலைக் காலை நேரத்தில் அளந்து பார்த்தே ஆக வேண்டும். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அந்தச் சுரப்பியும் பழுதாகியிருந்தால், கூட்டிய தைராக்ஸின் உயிருக்கே ஆபத்தாக முடியும். கழுத்து வேகமாக வீங்கினாலோ குரல் மாறினாலோ உடனே போங்கள். கருத்தரித்தால் தைராக்ஸின் தேவை கால் பங்குக்கு மேல் கூடும். நாள் தள்ளிப்போய்ப் பரிசோதனையில் உறுதியானால், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திராமல் அன்றே மருத்துவரை அழைத்து அளவைக் கூட்டிக்கொள்ளுங்கள். டி3 எடுத்துக்கொண்டிருந்தால் அதையும் அன்றே சொல்லுங்கள்.