சன்மைக்காவுக்கு உள்ளே என்ன?

கேள்வி: வீடு கட்டி இருபது வருடம். சமையலறையில் கடப்பா கல் தட்டு, தேக்குக் கதவு. புது மாதிரியாக மாற்ற வேண்டுமென்றால், எல்லாவற்றையும் உடைத்துவிட்டு மாடுலர் போடச் சொல்கிறார்கள். (பென்னாகரம்)

பதில்: முதலில் சுத்தியலை ஒளித்து வையுங்கள். கடப்பாவைக் கரையான் தின்னாது, தண்ணீர் பட்டால் உப்பவும் செய்யாது. கதவை இழைத்து, பட்டி பார்த்து, பியூ (பாலியூரித்தேன்) பெயின்ட் அடியுங்கள். தேக்கின் மேல் பெயின்ட் அடிக்க மனசு வரவில்லையா, பாலிஷ் போடுங்கள். கீலையும் கைப்பிடியையும் மாற்றினால் பாதி வேலை முடிந்தது.

கேள்வி: பழைய கதவுகளில் ஸ்டிக்கர் ஒட்டலாமா? (ஊத்தங்கரை)

பதில்: வாடகை வீடென்றால் ஒட்டுங்கள். அடுப்புப் பக்கம் வேண்டாம்.

கேள்வி: "வாட்டர் ப்ரூஃப் பிளைவுட்" என்று சொல்லித்தான் போட்டார். எட்டே மாதத்தில் சிங்க் அடியில் உப்பிவிட்டது. பில் தரவில்லை, இப்போது போனையும் எடுப்பதில்லை. (காவேரிப்பட்டணம்)

பதில்: உங்கள் மேல் தப்பில்லை அம்மா. இந்த "வாட்டர் ப்ரூஃப்" பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிளைவுட்டில் எம்.ஆர். என்ற ரகம் ஈரக்காற்றைத்தான் தாங்கும், சிங்க் அடிக்கு ஆகாது. அங்கே போட வேண்டியது பி.டபிள்யூ.பி. (கொதிநீரையும் தாங்கும் ரகம்), அதாவது ஐ.எஸ். 710 தரம். அதன் சோதனையே 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் பிரியாமல் இருப்பதுதான். ஆனால் பலகையில் 710 என்று அடிக்க ஒரு ரப்பர் ஸ்டாம்ப் போதுமே! அதனால் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணையும் தேடிப் பிடித்து, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பார்க்க வேண்டும். அதுவும் பலகை வந்து இறங்கிய அன்றே. சன்மைக்கா ஒட்டிய பிறகு உள்ளே இருப்பது ஆசாரிக்கும் ஆண்டவனுக்கும்தான் வெளிச்சம்.

பில் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். பில் தராததையே நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். பணம் அனுப்பிய பதிவு, வாட்ஸ்அப் பேச்சு, உப்பிய பலகையின் படம் எல்லாம் சான்றுதான். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள். மசியவில்லையென்றால் கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. 2 வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும், அதை மட்டும் மறக்காதீர்கள்.

கேள்வி: இன்ஸ்டாகிராமில் படம் பார்த்துப் பிடித்துப்போய் 80 சதவீதம் அட்வான்ஸ் கொடுத்தேன். கீல், கூடை எல்லாம் தனிக் காசு என்கிறார். எழுத்தில் எதுவும் இல்லை. (ஓசூர்)

பதில்: தக்காளி வாங்கினால்கூட அழுத்திப் பார்க்கிறோம். லட்சக்கணக்கில் கொடுக்கும்போது ஒரு தாள் எழுதி வாங்க முடியவில்லையா? சரி, நடந்தது நடந்தது. சதுரடிக் கணக்கு எப்படி (முகப்பு மட்டுமா, உள்பெட்டியும் சேர்த்தா), பலகை என்ன ரகம், கீல் எத்தனை என்று இன்றே வாட்ஸ்அப்பில் கேட்டுப் பதில் வாங்குங்கள். அது வரும்வரை மிச்சம் 20 உங்களிடமே இருக்கட்டும்.

கேள்வி: பளபளப்பான கறுப்பு நிறக் கதவு போடலாமா? (தருமபுரி)

பதில்: ஆறு வருடம் முன்பு நான் போட்டேன். கடையில் கண்ணாடி மாதிரி இருந்தது. எங்கள் போர்வெல் உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு தெறித்தால் வெள்ளைப் புள்ளி, தொட்டால் விரல் ரேகை. வீட்டில் அந்தக் கதவின் மேல் இப்போது ஒரு பழைய துண்டு நிரந்தரமாகத் தொங்குகிறது.