கொப்பரைக்கு விமானத்தில் இடமில்லை: வெளிநாட்டுப் பயணக் கேள்வி பதில்

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி நிறுவனமொன்றில் இருபத்திரண்டு ஆண்டுகள் மெர்ச்சண்டைசராக, அதாவது வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் ஆர்டர்களைக் கவனிப்பவனாக, இருந்தவன் நான். துணி மாதிரிகளைத் தூக்கிக்கொண்டு நாடு நாடாக அலைந்ததில் மூன்று பாஸ்போர்ட்டுகள் முத்திரையால் நிரம்பிவிட்டன. எனக்கு நேர்ந்த சங்கடங்களில் முக்கால்வாசிக்கு வித்திட்டது வெளிநாடு அல்ல, என் வீட்டுக் கூடம்தான். பெட்டி கட்டும்போதும், டிக்கெட்டைச் சரியாகப் படிக்காதபோதும் செய்த பிழைகள் அவை. நம் பக்கத்து ஊர்களிலிருந்து வந்த கேள்விகளைப் பார்த்தால் நான் தனியாள் இல்லை என்று தெரிகிறது.

துபாயில் மகள் இருக்கிறாள். கொப்பரை இரண்டு கிலோவும், கோழிக்குழம்புக்கு அரைத்த மசாலாவும், கொஞ்சம் கசகசாவும் கொண்டுபோகலாமா அண்ணா? (காங்கேயத்திலிருந்து ஓர் இல்லத்தரசி)

மூன்றில் இரண்டு ஆபத்து, அம்மணி.

கொப்பரை கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. ஊரைச் சுற்றிக் களம் களமாகக் கொப்பரை காயும் காங்கேயத்தில் இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அதிலுள்ள எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து தானாகவே சூடேறும். காற்றோட்டம் இல்லாமல் அடைபட்டுக் கிடந்தால் தீப்பற்றவும் கூடும். அதனால் விமானப் போக்குவரத்து விதிகள் கொப்பரையை ஆபத்தான பொருள்களில் சேர்த்திருக்கின்றன. பரிசோதனையில் பெட்டியைத் திறக்கச் சொல்லி எடுத்துவிடுவார்கள்.

கசகசா அதைவிட மோசம். அபின் செடியின் விதை என்பதால் ஐக்கிய அரபு அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் அதற்குத் தடை இருக்கிறது. இங்கே மளிகைக் கடையில் பொட்டலம் போட்டுத் தருவது அங்கே போதைப்பொருள் வழக்காகிவிடும். அரைத்த மசாலாவிலும் கசகசா சேர்ந்திருக்குமே! என் மாமியார் ஆசையாக அரைத்துத் தந்த பொடியில் கசகசா உண்டா என்று புறப்படும் இரவில் விசாரித்துவிட்டு, பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வைத்தேன். இரண்டு மாதம் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. முந்திரி வைத்துப் புதிதாக அரைத்துக் கொண்டுபோங்கள். குழம்பு கெட்டியாகத்தான் வரும்.

என் பாஸ்போர்ட் ஜூலையில் முடிகிறது. மார்ச்சில் சிங்கப்பூர் போகலாமா? (உடுமலைப்பேட்டை)

கூடாது. அங்கே இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். மலேசியா, தாய்லாந்து, அமீரகம் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. புதுப்பித்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

என் பாஸ்போர்ட்டில் என் பெயர் மட்டும் இருக்கிறது, குடும்பப் பெயர்க் கட்டம் காலி. நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். (அந்தியூர், விசைத்தறி உரிமையாளர்)

இது தமிழர்களுக்கே உரிய தலைவலி. நாம் இனிஷியலோடு திருப்தியாக வாழ்கிறோம். உலகத்துக் கணினிகளுக்கு இரண்டு கட்டமும் நிரம்ப வேண்டும். அமீரகம் 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா கிடையாது என்று அறிவித்தது. அடிக்கடி போகிறவர் என்றால் தந்தை பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்து மறுவெளியீட்டுக்கு விண்ணப்பிப்பதே நல்லது. நான் அப்படித்தான் செய்தேன். அதற்குப் பிறகு மிலானில் மூன்று நாளும் என்னை அப்பா பெயரைச் சொல்லித்தான் அழைத்தார்கள். வீட்டுக்கு வந்து சொன்னதும் அவருக்கு ஒரே பெருமை. ஒன்றை மறக்காதீர்கள்: பாஸ்போர்ட்டில் உள்ளபடியேதான் டிக்கெட்டிலும் பெயர் இருக்க வேண்டும். ஆதாரில் இருக்கிறபடி, கூப்பிடுகிறபடி எல்லாம் எழுதக் கூடாது.

அண்ணா, நீங்கள் விமானத்தைத் தவறவிட்டது உண்டா? (கோபிசெட்டிபாளையம், கல்லூரி மாணவர்)

உண்டு தம்பி, வெட்கத்தோடு சொல்கிறேன். சென்னையிலிருந்து 14ஆம் தேதி 00.40 மணிக்கு விமானம். 14ஆம் தேதி காலையில் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு ரயிலேறி, இரவு ஒன்பது மணிக்கு விமான நிலையத்தில் நின்றேன். கவுன்டரில் இருந்த பெண் டிக்கெட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். விமானம் போய் இருபது மணி நேரத்துக்கு மேலாகியிருந்தது. 14ஆம் தேதி 00.40 என்றால் 13ஆம் தேதி இரவே போய் நிற்க வேண்டும். வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் பல விமானங்கள் நள்ளிரவை ஒட்டித்தான் கிளம்புகின்றன. அன்றிலிருந்து நாள்காட்டியில் விமான நேரத்தை எழுதுவதில்லை, வீட்டைவிட்டுக் கிளம்பும் நேரத்தைத்தான் எழுதுகிறேன்.

ஜனவரியில் பிராங்பர்ட்டில் நடக்கும் ஹெய்ம்டெக்ஸ்டில் என்ற வீட்டுத்துணிக் கண்காட்சிக்குப் போக வேண்டும். ஜெர்மனி விசாவுக்குத் தேதி கிடைக்கவில்லை. வேறொரு ஷெங்கன் நாட்டில் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளில் ஒன்று) வாங்கிக்கொண்டு போகலாம் என்கிறார் ஏஜென்ட். (கரூர், திரைச்சீலை ஏற்றுமதியாளர்)

ஏஜென்ட் உங்களோடு வரப்போவதில்லை. எல்லையில் அதிகாரியிடம் பதில் சொல்லப்போகிறவர் நீங்கள்தான். பயணத்தின் முதன்மை நோக்கம் எந்த நாடோ, அதிக நாள் எங்கே தங்குகிறீர்களோ, அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். எல்லா நாட்டிலும் சம நாள் என்றால்தான் முதலில் நுழையும் நாடு. கண்காட்சி நுழைவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வேறு நாட்டுக்குச் சுற்றுலா என்று எழுதிக் கொடுத்த ஒரு பார்ட்டியை எனக்குத் தெரியும். விசா மறுக்கப்பட்டது, அடுத்த ஒவ்வொரு விண்ணப்பத்திலும் அந்த மறுப்புக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறார். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே மனுப் போடலாம். கரூர்க்காரர்கள் ஆயுத பூஜை முடியட்டும் என்று காத்திருந்தால் தேதி எப்படிக் கிடைக்கும்? குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் கேட்பார்கள்.

ஆஸ்திரேலியாவில் மகன். மஞ்சள்தூள், ஊறுகாய், நெய் எடுத்துப்போக ஆசை. மறைத்து வைப்பதா, சொல்லிவிடுவதா? (பொள்ளாச்சி, ஓய்வுபெற்ற ஆசிரியர்)

சொல்லிவிடுங்கள் ஐயா. இறங்குமுன் நிரப்பும் படிவத்தில் உணவு உண்டு என்று குறித்தால், பார்த்துவிட்டு விடுவார்கள் அல்லது எடுத்துக்கொள்வார்கள், தண்டம் இல்லை. மறைத்தால்தான் அபராதம். பக்கத்து நியூசிலாந்தில் ஒரு பழத்தைப் பையில் மறந்து வைத்தாலே 400 டாலர்.

கடையில் கார்டு தேய்க்கும்போது ‘ரூபாயில் கழிக்கவா?’ என்று இயந்திரம் கேட்கிறதாமே? (நாமக்கல்)

வேண்டாம் என்று சொல்லி, அந்த நாட்டுப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைத்ததுதான் மாற்று விலை. கிளம்பும் முன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிடுங்கள். புதிய கார்டுகளில் அது மூடியே வருகிறது.

கட்டுச்சோறு கொண்டுபோக விடுவார்களா? (சென்னிமலை, பாட்டியோடு பயணம் செய்யும் பேரன்)

புளிசாதம் தாராளமாக. தயிர் மட்டும் தனி டப்பாவில் வேண்டாம். 100 மில்லிலிட்டருக்கு மேல் எந்தத் திரவமானாலும், கூழானாலும் கைப்பையில் நிறுத்திவிடுவார்கள். வாழையிலையில் கட்டிய சாதத்தை இறங்கும் முன் பாட்டியைச் சாப்பிட்டு முடிக்கச் சொல்லுங்கள். மிச்சத்தைப் பத்திரப்படுத்த விடாதீர்கள்; என் அம்மா கோலாலம்பூர் வரை ஒரு பொட்டலத்தை முந்தானையில் வைத்திருந்தார்.