மகள் கப்பல் சிதைவுகளில் டைவிங் செய்யப் போகிறேன் என்கிறாளா? ஒரு சாட்ஸ்வொர்த் அம்மாவுக்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

பதினோராம் கிரேடு படிக்கும் உங்கள் மகள் டர்பனுக்குத் தெற்கே உள்ள அலிவால் ஷோல் பாறைத்திட்டில் டைவிங் கற்றுக்கொண்டாள். இப்போது கேப் டவுன் பக்கம் ஆழத்தில் கிடக்கும் கப்பல்களுக்குள் போவதையே வேலையாக வைத்துக்கொள்கிறேன் என்கிறாள். தடுப்பதா, விடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். விடலாம். ஆனால் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதில் கறாராக இருங்கள். அது மாறினால் பணமும் போகும், உயிருக்கும் ஆபத்து.

அவளிடம் இருப்பது பொழுதுபோக்கு டைவர் அட்டை. அதைக் காட்டினால் துறைமுகத்திலோ கப்பல் பழுதுபார்க்கும் இடத்திலோ வேலை கிடைக்காது. தென்னாப்பிரிக்காவில் வேலைக்காக நீரில் இறங்குபவர்களுக்கு 2009-ஆம் ஆண்டின் டைவிங் விதிமுறைகள் உண்டு. தொழிலாளர் துறைதான் அதைப் பார்த்துக்கொள்கிறது. கிளாஸ் 4 என்றால் ஸ்கூபாவில், அதாவது சிலிண்டரைத் தானே சுமந்து, 30 மீட்டர் வரை. கிளாஸ் 3 என்றால் மேலிருந்து குழாய் வழியாகக் காற்று வாங்கி 30 மீட்டர் வரை. கிளாஸ் 2-இல் அதே முறையில் 50 மீட்டர். கிளாஸ் 1 என்பது அழுத்த அறையிலேயே நாள்கணக்கில் தங்கி, பெல் எனும் அழுத்தக் கூண்டில் இறங்கி வேலை செய்யும் எண்ணெய்க் கிணற்று டைவர்களுக்கு. ஆழமான கப்பல் சிதைவுக்குள் ட்ரைமிக்ஸ் (ஆக்சிஜன், நைட்ரஜன், ஹீலியம் கலவை) வாயுவோடு போவது 'டெக்னிக்கல் டைவிங்'. அது வேறு அமைப்புகள் தரும் அட்டை. அதற்குச் செலவு உண்டு, சம்பளம் அநேகமாகக் கிடையாது. இந்த இரண்டையும் அவள் ஒன்றாக நினைத்துக்கொண்டிருந்தால், முதலில் பேசித் தெளிவுபடுத்த வேண்டியது இதைத்தான்.

அடுத்தது குளிர். டர்பன் கடல் பெரும்பாலும் 20 டிகிரிக்கு மேல். கேப் டவுனின் அட்லாண்டிக் பக்கத்தில் கோடையில் தென்கிழக்குக் காற்று அடித்தால் அடிநீர் மேலே வந்து 10 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். இது வெறும் நடுக்கத்தோடு முடிகிற விஷயம் இல்லை. சிலிண்டரில் 232 பார் அழுத்தத்தில் இருக்கும் காற்று, வாய்க்குக் காற்று தரும் ரெகுலேட்டரின் முதல் நிலையில் சட்டென்று விரிந்து சுற்றியுள்ள நீரழுத்தத்தைவிடச் சுமார் 10 பார் மட்டும் கூடுதலான அளவுக்கு இறங்குகிறது. விரியும்போது அது உறைநிலைக்கும் கீழே குளிர்ந்துவிடும். அங்கே ஈரம் இருந்தால் பனிக்கட்டி பிடித்து வால்வு திறந்தபடியே நின்றுவிடும். காற்று நிற்காமல் கொட்டும். ஆழத்தில் ஒரு 12 லிட்டர் சிலிண்டர் சில நிமிடங்களில் காலி.

அதனால் குளிர்நீருக்கு அடைப்பு போட்ட டயாஃப்ரம் வகை ரெகுலேட்டரும், நடுவில் தனிமைப்படுத்தும் வால்வு வைத்த இரட்டைச் சிலிண்டரும் வேண்டும். கொட்ட ஆரம்பித்ததும் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், எந்தப் பக்கம் கொட்டுகிறதோ அந்த வால்வை மூடி, மற்ற ரெகுலேட்டருக்கு மாறி, டைவை அங்கேயே முடித்துக்கொள்ள வேண்டும். தடித்த கையுறையோடு, தண்ணீர் புகாத டிரை சூட் தோளை இறுக்கிப் பிடித்திருக்கும்போது இதைச் செய்ய முடிகிறதா என்பதுதான் சோதனை. முடியாத பிள்ளைக்கு ஆழம் வேண்டாம். டிரை சூட்டையும் மிதவை ஜாக்கெட்டையும் ஒரே நேரத்தில் ஊதக் கூடாது, பட்டனை நீண்ட நேரம் அழுத்தவும் கூடாது. இரண்டும் உறைதலை வரவழைக்கும். சூட்டுக்குள் ட்ரைமிக்ஸை விடவே கூடாது. ஹீலியம் காற்றைவிடச் சுமார் 6 மடங்கு வேகமாக உடல் சூட்டைக் கடத்திவிடும். சூட்டுக்குத் தனிச் சிறு சிலிண்டரில் காற்று அல்லது ஆர்கான் எடுத்துப் போவார்கள்.

வாயுக் கணக்கை அவளையே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவர், 7 பார் அழுத்தமுள்ள 60 மீட்டரில் 140 லிட்டர் செலவழிப்பார். 232 பார் நிரப்பிய இரண்டு 12 லிட்டர் சிலிண்டரில் சுமார் 5,570 லிட்டர். சிதைவுக்குள் நுழைபவர்கள் அதை மூன்றாகப் பிரிப்பார்கள்: ஒரு பங்கு உள்ளே போக, ஒன்று வெளியே வர, ஒன்று அவசரத்துக்கு. அப்படியானால் போவதற்கு 13 நிமிடம்தான், இறங்கும் நேரமும் அதற்குள்ளேயே. அந்த ஆழத்தில் சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் நைட்ரஜன் போதை ஏறும், ஆக்சிஜன் அழுத்தமும் 1.4 பார் என்ற எல்லையைத் தாண்டும். 18 சதம் ஆக்சிஜன், 45 சதம் ஹீலியம் கலந்த வாயுவில் போதை 30 மீட்டர் டைவ் அளவுக்குக் குறையும். மேலே வரும்போது, உடலில் கரைந்த வாயு மெதுவாக வெளியேறுவதற்காக, 21 மீட்டரிலிருந்து 50 சதம் ஆக்சிஜன், 6 மீட்டரில் சுத்த ஆக்சிஜன் என்று மாற்றிக்கொண்டே நிற்க வேண்டும். அந்த டீகம்ப்ரெஷன் நிறுத்தங்களில்தான் உடல் விறைக்கும். குளிர்ந்த தசையில் ரத்த ஓட்டம் குறைவதால் கரைந்த வாயு வெளியேறுவதும் மெதுவாகும். இந்தக் கணக்கைத் தயக்கமில்லாமல் விளக்குகிறாள் என்றால் அவளை நம்பி அடுத்த படிக்குப் போகலாம்.

சிதைவுக்குள் ஆளைக் கொல்வது பெரும்பாலும் சேறும் வழி தவறுவதும்தான். காலில் மாட்டிய துடுப்பு ஒரு தடவை தரையில் பட்டால் கை எதிரே தெரியாது. அதனால் வெளியே ஒரு கட்டு, நுழைவாயிலில் இன்னொரு கட்டு என்று ரீல் நூலை விட்டுக்கொண்டே போவார்கள். ஆளுக்கு 3 டார்ச், மீன்வலையில் சிக்கினால் அறுக்க 2 கத்தி. கேப் டவுன் அருகே ஸ்மிட்ஸ்விங்கல் விரிகுடாவில் 1978-இல் மூழ்கடிக்கப்பட்ட எஸ்.ஏ.எஸ். டிரான்ஸ்வால், எஸ்.ஏ.எஸ். குட் ஹோப் போர்க்கப்பல்கள் சுமார் 35 மீட்டரில் கிடக்கின்றன. அவற்றின் வெளிப்புறத்தைப் பல தடவை சுற்றிப் பழகாமல் உள்ளே போக அவசரப்பட வேண்டாம்.

வேலை எங்கே இருக்கிறது? துறைமுகங்களில் கப்பல் அடிப்பாகம் சோதிப்பது, நீருக்கடியில் வெல்டிங், அணை மதகுகள், சால்வேஜ் (மூழ்கியதை மீட்பது) எல்லாம் கிளாஸ் 3, 2 வேலைகள். அங்கே காற்று குழாயில் வரும், மேலிருப்பவரோடு பேசலாம், குளிருக்குச் சூட்டுக்குள் வெந்நீரும் வரும். ஸ்கூபாவைவிட அது பாதுகாப்பு. கப்பல் சிதைவின் கதைதான் அவளை இழுக்கிறது என்றால் கடல்சார் தொல்லியல் இருக்கிறது. கேப் டவுன் கிளிஃப்டன் அருகே 1794-இல் அடிமைகளோடு மூழ்கிய சாவ் ஜோசே கப்பலை அடையாளம் கண்டது அந்தத் துறைதான். 1999-ஆம் ஆண்டு மரபுச் சட்டப்படி 60 வயது தாண்டிய சிதைவிலிருந்து அனுமதியில்லாமல் ஒரு ஆணியைக்கூட எடுக்க முடியாது. உண்மையான ஆழம்தான் ஆசை என்றால் நீருக்கடியில் ரோபோவை இயக்கும் வேலையைக் காட்டுங்கள். கேப் டவுனிலிருந்து போன எஸ்.ஏ. அகுல்ஹாஸ் 2 கப்பல் 2022 மார்ச்சில் ஷாக்கிள்டனின் அண்டார்டிகா பயணக் கப்பலான எண்டியூரன்ஸை ரோபோவால் கண்டுபிடித்தது 3,008 மீட்டரில். அங்கே எந்த டைவரும் போக முடியாது. மின்னணுவியலும் ஹைட்ராலிக்ஸும் படித்தவர்களுக்கு அதில் இடம் உண்டு. மூன்று வழிக்கும் கணிதம் வேண்டும். எளிதான மேத்ஸ் லிட்டரசி பாடத்தோடு நின்றுவிட்டால் பல கதவுகள் மூடிவிடும்.

கேப் டவுனுக்குக் கிழக்கே ஓவர்பெர்க் கரையோரம் ராத்திரியில் டைவ் பண்ணினால் கையில் காசு என்று யாராவது கூப்பிட்டால், அது திருட்டு அபலோனி (விலையுயர்ந்த கடல் நத்தை) பிடிக்கும் வேலை. குற்றப் பதிவு விழுந்தால் வேலை தேடுவது பெரும்பாடாகிவிடும். இதை அவளிடம் மூடி மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

எந்தப் பள்ளிக்கும் முன்பணம் கட்டுவதற்கு முன், டைவிங் மருத்துவச் சோதனைக்கு அங்கீகாரம் பெற்ற டாக்டரிடம் அழைத்துப் போங்கள். வலிப்பு, ஆஸ்துமா, காதுத் திரை ஓட்டை, தானாக நுரையீரல் சுருங்கிய வரலாறு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். வருஷா வருஷம் இந்தச் சோதனை வரும். ஆழ வேலையில் பல வருஷம் இருப்பவர்களுக்கு இடுப்பு, தோள் எலும்பு சிதையும் ஆபத்தும் உண்டு என்பதால் அதைப் பற்றியும் கேளுங்கள். மெட்ரிக் முடித்து 18 வயதானதும் கிளாஸ் 4, பிறகு கிளாஸ் 3 அல்லது 2. சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு டெக்னிக்கல் படிப்பை அவள் காசில் படிக்கட்டும். அதற்காக வீட்டை அடமானம் வைக்காதீர்கள். விடுமுறையில் கேப் டவுன் போய் டைவ் செய்தால், டீகம்ப்ரெஷன் நிறுத்தம் தேவைப்பட்ட டைவுக்குப் பிறகு டர்பன் விமானத்தை 24 மணி நேரம் தள்ளி பதிவு செய்யுங்கள். டிக்கெட் வாங்கும்போதே அதைக் கணக்கில் வையுங்கள்.