மாத்திரையை நிறுத்திவிட்டு அமுக்கராப் பொடி போதுமா?

கேள்வி: என் தங்கை மனச்சோர்வுக்கு செர்ட்ரலின் சாப்பிடுகிறாள். ஏற்காடு போன அவள் மாமியார் அமுக்கராப் பொடி வாங்கிவந்து, "இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்து, இதுவே போதும்" என்கிறார். கொடுக்கலாமா?
- வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: முதலில் ஒன்று, மாத்திரையைத் திடீரென்று நிறுத்த விடாதீர்கள். ஒரேயடியாக விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை, சிலருக்குத் தலைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வுகூட வரும், நோயும் திரும்பலாம். குறைப்பதென்றால் மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

அமுக்கரா, அதாவது அஸ்வகந்தா, பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் ஓரளவு உதவுவதாகச் சிறிய ஆய்வுகள் சொல்கின்றன, சரி. ஆனால் மனச்சோர்வு மாத்திரைக்கு அது மாற்று என்பதற்குச் சான்று இல்லை. மூலிகைதானே என்று அலட்சியமாக இருக்கவும் முடியாது. தைராய்டு ஹார்மோனைக் கூட்டலாம், அரிதாகக் கல்லீரலைப் பாதித்திருக்கிறது, கர்ப்பிணிகளுக்குக் கூடவே கூடாது.

இதைவிட எனக்குப் பயம் ஆன்லைனில் விற்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை மாத்திரைகள்தான். லேசான மனச்சோர்வில் அதற்குப் பலன் உண்டு என்பது உண்மை, ஆனால் செர்ட்ரலினோடு சேர்ந்தால் மூளையில் செரடோனின் என்ற வேதிப்பொருள் அளவுமீறி உயிருக்கே ஆபத்தாகலாம், கருத்தடை மாத்திரையின் வேலையையும் அது கெடுக்கும். சர்ப்பகந்தா என்ற மூலிகையும் வேண்டாம், அதிலுள்ள ரெசர்பின் என்ற பொருள் மனச்சோர்வையே கொண்டுவரக்கூடியது.

மாமியார் அக்கறையில்தான் சொல்கிறார், அவரோடு சண்டை வேண்டாம். அடுத்த முறை அவரையும் கூட்டிக்கொண்டு, அந்தப் பொடி டப்பாவையும் எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுங்கள். அதற்குள் தங்கை உயிரை வெறுத்துப் பேசினால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-இல் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.